கம்பளிச் சட்டையின் இடக்கை

எங்கள் ஊரில் முதன்முதலாகக் கம்பளிச் சட்டை போட்டு நடந்தவர் என் தாய்மாமன். அவர் அப்படி நடந்தது ஒரு சித்திரை மாதத்தில், பகல் பதினொரு மணிக்கு.

ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் மணல். சித்திரையில் அந்த மணலில் வெறுங்காலோடு போகிறவர்கள் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு ஓடித்தான் போவார்கள். மாமா சப்பாத்துப் போட்டிருந்ததால் ஓடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் தோல்பெட்டியோடு, சாம்பல் நிறப் புல்லோவரில், ஒழுங்கையின் நடுவே நிதானமாக நடந்து வந்தார். புல்லோவரின் கழுத்தில் இரண்டு கறுப்பு வரிகள் ஓடின. முகத்தில் வியர்வை ஓடியது. படலையைத் திறக்கப் போன அம்மா அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“என்ன தம்பி, குளிருதோ, குலைப்பன் காய்ச்சலோ?”

“இல்லக்கா. இது புல்லோவர்.”

மாமா நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கிளாக்கராகப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. விடியற்காலையில் அங்கே புல்லின்மேல் வெள்ளையாகப் பனி உறையும் என்றும் வாயைத் திறந்தால் புகை வரும் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தார். சுருட்டுப் பிடிக்காமல் புகை வருவதை ஊரில் சிலர் நம்பவில்லை. இப்போது அத்தாட்சி வந்து எங்கள் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். வாவியில் வலை வீசிவிட்டு வந்த ஒருவர், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அதைத் தடவி, இது எதில் செய்தது என்று கேட்டார். செம்மறியாட்டு மயிர் என்றார் மாமா.

“அப்ப அந்த ஆடு இப்ப என்னத்த உடுத்துக்கொண்டு நிக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கையை இரண்டு பக்கமும் நீட்டிக் காட்டினார். “நுவரெலியாவில வெள்ளைக்காரங்கட கடையில வாங்கின. கடைச் சாமான் எண்டா கடைச் சாமான்தான். ரெண்டு பக்கமும் அச்சில வார்த்தாப்போல இரிக்கும், பாருங்க.”

நான் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது. அச்சில் வார்த்தது போல இருக்கும் என்ற அந்த வாக்கியத்தை அப்படியே மனத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் நடந்தவற்றில் என் பங்குக்குக் காரணம் அந்த வாக்கியம்தான்.

மாமாவுக்குக் கிடைத்திருந்தது நான்கு நாள் லீவு. அவர் வந்தது வெறுமனே வருடப்பிறப்புக்கு அல்ல. வேலிக்கு அப்பால், அடுத்த வளவில் அம்மாவின் தாய்மாமன் மகள் இருந்தார். எனக்கு அவர் முறைப்படியே மாமி. மாமாவுக்கென்று சிறுவயதிலேயே பேசிவைத்த பெண் என்பதால், வரப்போகும் உறவாலும் மாமி. மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு வீட்டாரும் வெற்றிலை மாற்றிக் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மாமியின் வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கிணற்றுக்குக்கூட அடித்திருந்தார்கள்.

மாமிக்கு அப்போது இருபது வயது இருக்கும். கையால் சுற்றும் தையல் இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. ஊரில் பாதிப் பேருடைய சட்டைகளை அவர்தான் தைத்தார். அளவெடுக்கும் நாடாவை அவர் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆள் படலைக்குள் நுழைந்து முற்றத்தைக் கடப்பதற்குள் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். இரண்டு வீட்டிலும் அளவு பிசகக் கூடாத வேலை எதுவானாலும் மாமியைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று மத்தியானம் நண்டுக்கறி. வாவி நண்டு, முருங்கையிலை போட்டது. சாப்பிடும்போதாவது அதைக் கழற்றச் சொல்லி அம்மா இரண்டு தரம் சொன்னார். மாமி பரிமாறிக்கொண்டு நின்றார், அதனால் மாமா கழற்றவில்லை. நண்டின் பெரிய காலைப் பல்லால் உடைத்தபோது அதற்குள் இருந்த குழம்பு தெறித்து நெஞ்சின் நடுவில் விழுந்தது. வெற்றிலை அளவில் ஒரு மஞ்சள் கறை.

மாமா எழுந்து நின்றுவிட்டார். சோற்றுக் கையை அந்தரத்தில் பிடித்தபடி நின்ற அவருடைய முகம் எனக்கு இன்றும் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்த பிள்ளையின் முகம் அது.

“என்னத்துக்கு இந்தப் பதறல்? சட்டைதானே, கழுவினாப் போச்சு” என்றார் அம்மா.

“உங்களுக்கு விளங்காதுக்கா. இத அப்படிக் கழுவ ஏலா. நான் திரும்பிப் போகக்குள்ள இது போட்டு வந்த மாதிரியே இரிக்க வேணும்.”

யாருக்கு அப்படி இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. விலை கூடிய சாமான் என்று நினைத்தோம்.

பின்னேரம், வருடப்பிறப்புத் துணிகளை எடுத்துப்போக எங்கள் கட்டாடியார் வந்தார். இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டு உடுப்புகளை வெளுத்தவர் அவர். பெரிய பானையில் உவர்மண் தண்ணீரில் தோய்த்த துணிகளை அடுக்கி இராமுழுதும் ஆவி பிடித்து, அதாவது வெள்ளாவி வைத்து, காலையில் கல்லில் அடித்து, பால்போல் கொண்டுவந்து தருவார். அம்மா புல்லோவரை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி முகர்ந்தார். ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது ஆட்டுமயிர்ச் சாமான் அம்மா. ஆட்டை ஆவியில வெச்சாக் கறிதான் வரும், சட்டை வராது.”

தன்னால் முடியாத வேலையை முடியாது என்று ஒப்புக்கொண்ட அந்தத் தொழில்காரரை மாமா கட்டிப்பிடிக்காத குறை. வேலை மாமியிடம் போயிற்று.

மாமா மாமிக்கு முறை சொல்லிக் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். கைக்குட்டையைக்கூடத் தன் கையால் அலசியறியாத மனிதர் அவர். கம்பளி கழுவுவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை. கொதிதண்ணீர் படக்கூடாது, குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கும் கொஞ்சம் குறைய வேண்டும். சவர்க்காரத்தை நேரே தேய்க்கக் கூடாது, சீவித் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். கசக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவே கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமத்தி அமத்தி விட வேண்டும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், கடைசித் தண்ணீரில் ஒரு கரண்டி வினாகிரி என்னும் காடி. ஈரத்தோடு தூக்கினால் தன் பாரத்தாலேயே இழுபட்டுவிடும், ஆகவே இரண்டு கையாலும் ஏந்தித் துவாயில் சுருட்டி ஈரம் எடுக்க வேண்டும். கொடியில் போடக் கூடாது. நிழலில், பாயில் விரித்துக் காயவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், நனைப்பதற்கு முன்பே, சட்டையைப் பாயில் வைத்துச் சுற்றிவரக் கரியால் கோடு போட்டுவிட வேண்டும். கழுவின பிறகு அந்தக் கோட்டுக்குள் பொருத்திவிட்டால் சுருங்கவும் மாட்டாது, நீளவும் மாட்டாது.

மாமி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில் ஒன்றுதான் கேட்டார்.

“இவ்வளவையும் கடைக்காரனோ மச்சான் சொல்லித் தந்த?”

“ஓம் மச்சாள். நல்ல கடை அது.”

அப்படிப்பட்ட ஒரு கடை எங்கள் மட்டக்களப்பு நகரத்தில் இல்லையே என்று நான் வருந்தினேன்.

மறுநாள் காலையில் மாமியின் வீட்டுக் கிணற்றடியில் வேலை தொடங்கிற்று. எங்கள் கிணற்று நீர் சற்று உவர், நுரை வராது. மாமியின் கிணறு நல்ல தண்ணீர். பின்னால் குசினித் தாழ்வாரத்தில் நெல் அவிக்கும் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிதண்ணீரில் நாலைந்து சிரட்டை எடுத்து, வாயகன்ற சட்டியில் இருந்த கிணற்று நீரோடு கலந்து, முழங்கையை நனைத்துப் பார்த்தார் மாமி. கூடிவிட்டது என்று இரண்டு சிரட்டை பச்சைத் தண்ணீர் விட்டார். மறுபடி பார்த்தார்.

பிறகு புதுப் பன்பாய் ஒன்றை மணலில் விரித்து, புல்லோவரைக் கைகளை நீட்டி வைத்து, அடுப்புக்கரியால் கோடு போட்டார். கழுத்திலிருந்து வலத்தோள், வலக்கை, விலா, அடிவிளிம்பு என்று கரி தடையில்லாமல் ஓடியது. இடக்கையின் நுனிக்கு வந்ததும் நின்றது.

மாமி கரியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். விரலை வைத்துப் பார்த்தார். சட்டையின் உட்பக்கத்தைப் புரட்டி, தோளில் மூட்டின இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பழையபடி விரித்து, மிச்சக் கோட்டைப் போட்டு முடித்தார்.

“என்ன மாமி?”

“ஒண்டுமில்ல புள்ள. அளவு பாத்தன்.”

மாமி சட்டித் தண்ணீரில் முழங்கையை நனைத்து, மறுபடியும் இரண்டு முறை சூடு பார்த்தார். கழுவும்போது நான் கேட்டவற்றுக்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினார். சவர்க்காரத் தண்ணீர் பட்டதும் மஞ்சள் கறை இரத்தம்போல் சிவந்தது, நான் கத்திவிட்டேன். மாமி கத்தவில்லை. மஞ்சள், சவர்க்காரம் பட்டால் சிவக்கும், நல்ல தண்ணீரில் திரும்ப மஞ்சளாகும் என்பது தையற்காரிக்குத் தெரியும். அப்படியே ஆயிற்று. மூன்று முறை அலசி, வினாகிரி விட்டு, துவாயில் சுருட்டி எடுத்து, பாயில் கோட்டுக்குள் பொருத்தினார். கறை வெளிறியிருந்ததே தவிரப் போகவில்லை.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. மஞ்சள் கறையைப் போக்கும் மருந்து வெயில் ஒன்றுதான். கம்பளிக்கு வெயில் ஆகாது. மாமி சிறிது யோசித்து, ஒரு வழி கண்டார். பாயை நாவல் மர நிழலின் ஓரத்தில் வைத்து, கறை இருந்த இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மீதி முழுவதையும் வெள்ளைத் துணியால் மூடினார். வெயில் நகர நகரப் பாயை நகர்த்த வேண்டும், துணி விலகினால் சரிசெய்ய வேண்டும், காகத்தைக் கலைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு. மாமி நெல் அவிக்கப் போனார்.

ஒரு மணி நேரம் நான் உண்மையாகக் காவல் இருந்தேன். அதற்குப் பிறகு பக்கத்து வளவில் ஊஞ்சல் பாட்டுக் கேட்டது. வருடப்பிறப்புக்குக் கட்டிய ஊஞ்சல் அது. ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வருவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஊஞ்சலில் ஆட்டத்தை எண்ணுகிற வழக்கம் யாருக்கும் இல்லை.

திரும்பி வந்தபோது காற்றில் துணி விலகி, இடக்கை முழுவதும் வெயிலில் கிடந்தது. பாய்ந்து போய்ப் பாயை நிழலுக்கு இழுத்தேன். மாமி செய்தது நினைவுக்கு வந்து இரண்டு கைகளையும் மடித்துப் பார்த்தேன். இடக்கை ஒரு விரற்கடை கட்டையாக இருந்தது.

வெயில் சுருக்கிவிட்டது. நான் காவல் காத்த சட்டை, என்னால் சுருங்கிவிட்டது. கரிக்கோட்டைப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். இடக்கை கோட்டோடு கோடாகத்தான் கிடந்தது. ஆனால் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல என்று மாமாவே சொல்லியிருந்தார். மாமா சொன்னதும் கோடும் ஒத்துவராதபோது, கோடுதான் பிழை என்று முடிவு செய்தேன்.

கம்பளியில் இன்னும் ஈரம் இருந்தது. இடக்கையைப் பிடித்து இழுத்தேன், வந்தது. விட்டால் திரும்பிப் போயிற்று. ஆகவே குசினியிலிருந்து அம்மிக் குழவியைச் சுமந்து வந்து, இழுத்த கையின் நுனியில் வைத்தேன். குழவியின் அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வைக்கவும் மறக்கவில்லை. மத்தியானம் கடந்து சட்டை காய்ந்ததும் குழவியைக் கொண்டுபோய் அம்மியில் வைத்துவிட்டேன். இரண்டு கையும் ஒரே அளவு. கறையும் போயிருந்தது. ஒரு குற்றத்தை இவ்வளவு சுத்தமாகத் திருத்தியவள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றிற்று.

பொழுது சாயும் நேரம் மாமி வந்தார். கறை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு அவர் கண் இடக்கைக்குப் போயிற்று. அது கரிக்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது.

“இத ஆரு இழுத்த?”

ஊஞ்சல், வெயில், குழவி, வாழையிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழுதும் இருப்பேன். அடி விழும் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். மாமி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து என் கையை இறக்கிவிட்டார்.

“கை ரெண்டும் ஒரே அளவெண்டு உனக்கு ஆரு சொன்ன?”

“மாமாதான். கடையில வாங்கினது, அச்சில வார்த்தாப்போல எண்டு.”

“ம்” என்றார் மாமி. பாயில் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ஒரு கதை சொன்னார்.

மாமிக்கு ஏழு வயதாக இருந்தபோது, உச்சிக் கிளையில் இருந்த விளாம்பழம் ஒன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாராம். மாமா ஏறினார். பழத்தைப் பறித்துக் கீழே போட்டார், பிறகு கிளையோடு அவரும் விழுந்தார், இடக்கை முறிந்தது. ஒடிவு வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கை கூடிற்று, ஆனால் ஒரு விரற்கடை கட்டையாகக் கூடிற்று. மாமாவுக்கு அது பெரிய வெட்கம். அதனால்தான் எந்தச் சட்டையானாலும் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொள்வார். ஊரில் இருந்தவரை அவருடைய சட்டைகளை மாமிதான் தைத்தார். இடக்கையை ஒரு விரற்கடை குறைத்துத் தைப்பார். அதைப் பற்றி அவரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

“கை முறிஞ்சது ஊருக்கெல்லாம் தெரியும். கட்டையானது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்” என்றார் மாமி. புல்லோவரின் இடக்கை நுனியை விரலால் ஒருமுறை நீவினார். “இப்ப மூண்டு பேருக்குத் தெரியும்.”

அந்த மூன்றாவது ஆள் நான் என்பதில் எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. செத்தாலும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மாமி சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மாமி இடக்கையை மட்டும் மறுபடி நனைத்தார். அதே சூடு, அதே வினாகிரி. நனைந்த நூலை நுனியிலிருந்து மேல்நோக்கி, மயிலிறகை ஒதுக்குவதுபோல் சிறிது சிறிதாக ஒதுக்கி, கரிக்கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்தார். இந்த முறை காவலுக்கு என்னை வைக்கவில்லை. வேறு எந்த வேலைக்கும் போகாமல், சட்டை காயும் வரை தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று பின்னேரம் வெற்றிலைத் தட்டோடு புறப்பட வேண்டிய நேரத்தில், அடுத்த வளவுக்குப் போன அம்மா முந்தானையை இழுத்துச் செருகியபடி திரும்பி வந்தார். விறாந்தையில் இருந்த மாமாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“மாட்டாளாம்.”

“என்னக்கா?”

“கல்யாணம் வேணாமாம். மலைநாட்டுக் குளிர் தனக்கு ஒத்துவராதாம். உன்னை ஆருடி அங்க போகச் சொன்ன, அவன்தானே இஞ்ச வரப்போறான் எண்டு கேட்டன். நினைச்சாலே குளிருதாம். இந்த வெயிலுக்குள்ள நிண்டு சொல்றாள், குளிருதாம்!”

அப்பா சமாதானமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அம்மா விடவில்லை. “ரெண்டு புல்லோவர் வாங்கிப் போடச் சொல்லு. ஒண்டுக்கு மேல ஒண்டு போடட்டும்.”

மாமா கோபப்படவில்லை. போட்டிருந்த சட்டையின் இடக்கை மடிப்பை மெல்ல அவிழ்த்து, நுனி வரை இறக்கி, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் மாட்டேன் என்றால் மாப்பிள்ளைக்குத்தான் அவமானம் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். மாமாவின் முகத்தில் இருந்தது அவமானம் அல்ல. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

மாமியின் வீட்டில் அன்று பெரிய சத்தம். இருபது வருடப் பேச்சு, புதுச் சுண்ணாம்பு, சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்பியது என்று அவருடைய தாய் எண்ணி எண்ணித் திட்டினார். எல்லாவற்றுக்கும் மாமியிடம் ஒரே பதில்தான் இருந்தது: குளிர்.

நான்காம் நாள் மத்தியான பஸ். புறப்படும் முன் மாமி சட்டையை மடித்து எடுத்து வந்தார். மாமா அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். வலக்கை மணிக்கட்டில் நின்றது, இடக்கையும் மணிக்கட்டில் நின்றது. நெஞ்சில் கறை இல்லை. இரண்டு பேரும் இடக்கையின் நுனியையே பார்த்தார்கள்.

“மச்சாள்...” என்றார் மாமா.

“பாயில கோடு கிடந்திச்சி மச்சான். கோட்டுக்குக் கொண்டுவந்த, அவ்வளவுதான்” என்றார் மாமி. பிறகு, “கடைக்காரனுக்குச் சொல்லுங்க. சுடுதண்ணி ஒரு சொட்டும் படேல்ல எண்டு.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு நல்ல கடைக்காரர் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன்.

அந்த ஆவணியில் மாமிக்குப் பெரியகல்லாற்று வாத்தியார் ஒருவரோடு கல்யாணம் நடந்தது. அவர் சாதுவான மனிதர், இரண்டு கையும் ஒரே நீளம். மாப்பிள்ளை மாமி வீட்டுக்கு வந்தார், சுண்ணாம்பு வீண்போகவில்லை. கோடு போட்ட பன்பாய் எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் படுத்து, கரிக்கைகளின்மேல் என் கைகளை நீட்டி, எப்போது எட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் காலை நேரத்தைப் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நெல் அவிக்கும் பானை கிணற்றடியிலிருந்து ஆறு எட்டுத் தூரம். இன்னும் ஒரு வாளி கொதிதண்ணீர் விட்டிருந்தால் அந்தச் சட்டை எனக்குக்கூடப் பற்றாமல் போயிருக்கும். கம்பளி அறியாத ஊரில் யாரும் மாமியைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோடு போட்டு முடித்த பிறகும் அவர் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

அடுத்த வருடப்பிறப்புக்கு மாமா மனைவியோடு வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர், யாழ்ப்பாணத்துப் பெண். அம்மா முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், இரண்டாம் நாள் இறக்கிவிட்டார். புது மாமியின் கைப்பையில் இரண்டு நீள ஊசிகளும் ஒரு நூல் உருண்டையும் இருந்தன. எங்கள் விறாந்தையில், அந்த வெக்கையில், வியர்க்க வியர்க்கப் பின்னிக்கொண்டிருந்தார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்தவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. என்னிடம் இருந்த ஒரே பெறுமதியான பொருள் அந்த இரகசியம். சத்தியத்தை மறந்து அவர் காதில் சொன்னேன். “மாமாட இடக்கை ஒரு விரற்கடை கட்டை. ஒருத்தருக்கும் தெரியாது.”

புது மாமி ஊசியை நிறுத்தாமல் சிரித்தார். “எனக்குத் தெரியாதே? நான்தானே அளவெடுத்து அந்தப் புல்லோவரைப் பின்னினனான்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. புல்லோவரைப் பின்னியது யார் என்பது என் காதில் ஏறவேயில்லை. கடைச் சாமான் என்ற பொய்யும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவ்வளவு பெரிய இரகசியத்தை மாமா யாரோ ஒருவருக்கு அளவெடுக்கக் கொடுத்துவிட்டாரே என்பதுதான் என் ஆத்திரம். நேரே அடுத்த வளவுக்கு ஓடினேன். மாமி தையல் இயந்திரத்தில் இருந்தார், பிறக்கப்போகும் தன் முதல் பிள்ளைக்கு ஏதோ சின்னச் சட்டை.

“மாமி, மாமா சொல்லிப்போட்டார். புது மாமிக்கும் தெரியும். இப்ப மூண்டு பேர் இல்ல, நாலு பேர்!”

மாமி இயந்திரத்தின் கைப்பிடியை நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் தலையை வருடினார்.

“ஓம் கிளி” என்றார். “உன்னையும் சேத்தா நாலுதான்.”

கணக்குச் சரியாக வந்ததில் எனக்குத் திருப்தி. ஊஞ்சலுக்கு ஓடிவிட்டேன்.